மாங்கட்டை முட்டு

ஹலோ... ஹலோ, யாரு... சத்தமாச் சொல்லுங்க, இங்க ஒண்ணும் கேக்கல. தேர் வடத்துப் பக்கம் பந்தோபஸ்து டூட்டில நிக்கேன்... யாரு... வேல்பாண்டியா. ஏலே, அக்கா நம்பர இன்னும் அழிக்காமத்தான் வச்சிருக்கியா. எம் மக கல்யாணத்துல மூஞ்சியத் தூக்கிட்டுப் போனவன், தை மாசத்துல இருந்து ஒரு போன் கிடையாது. இப்பத் தேரு நகருத நேரம் பாத்து...

என்னது... திரும்பச் சொல்லு.

எதுக்கு அடில... காருக்கு அடிலயா. உன் மேலயா எறங்கிருச்சு.

ஏலே, வெளையாடாத... சரி. சரி சரி. இரு, செத்த இரு, கூட்டத்த விட்டு இந்தக் கடை வாசலுக்கு வந்துக்கிடுதேன்... தள்ளுங்கம்மா, வழி விடுங்க, புள்ளையத் தூக்கிக்கோங்க... ம். இப்பக் கேக்குது. நான் கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு, மத்தது பேசாத, மூச்ச மிச்சம் பிடி. எங்க அமுக்குது. காலா, இடுப்பா...

நெஞ்சா.

கை ரெண்டும்... ஒரு கை வெளிய இருக்கு. சரி. போனு அந்தக் கைலயா... தரைல கெடக்கா. ஸ்பீக்கர்ல போட்டுட்டியா... அது போதும். அத எடுக்கணும்னு கைய நீட்டாத. அசையாத. நான் வைக்கமாட்டேன், நீயும் வைக்காத.

வீட்டுல யாரு இருக்கா... யாருமே இல்லையா... ஆமா ஆமா, ஆடிப்பூரத்தன்னைக்கு செட்டியார்பட்டில யாரு இருப்பா, உன் தெரு பூரா ஸ்ரீவில்லிபுத்தூர்லதான் நிக்கும். உன் பொண்டாட்டி, மாரிக்கனி... தேருக்கு வந்துட்டாளா. மக பானுவயும் கூட்டிட்டா... போன் அடிச்சுப் பாத்தியா அவளுக்கு... ஆமா, இந்தக் கொட்டுச் சத்தத்துல பைக்குள்ள கெடக்குத போனு அவளுக்கு எங்கிட்டுக் கேக்கும்.

இல்ல, சொல்லமாட்டேன்... சொல்லமாட்டேன்லே. பானுவுக்கு வரன் அமையணும்னு நேந்துக்கிட்டு வடம் பிடிக்க வந்துருக்கா, எனக்குத் தெரியும். உங்கூடத்தான் பேச்சில்ல, அவ எங்கூடப் பேசிக்கிட்டுத்தான் இருக்கா... சரி. நீ வெளிய வந்து நீயே அவகிட்டச் சொல்லு. வாங்கிக் கட்டிக்கோ. மொதல்ல வெளிய வா.

ஏட்டி தங்கபாய், டூட்டிய விட்டுட்டு இங்க வா. உன் போன எடு, நூத்தியெட்டுக்கு அடி. ராஜபாளையம் பக்கம் செட்டியார்பட்டி, வாட்டர் டேங்குக்கு எதுத்த சந்து, தகரக் கொட்டகை போட்ட வீடு. காருக்கு அடில ஆளு மாட்டியிருக்கு, நெஞ்சுல பாரம், பேசுதான்னு சொல்லு... எந்தம்பிதாம்ட்டி. ஆமா, கல்யாணத்துக்கு வாடகைக்குக் கார் விடுதவன்தான். அப்படிப் பாக்காத, அடி.

ஆ, வேல்பாண்டி. இருக்கியா... ம்னு சொன்னாப் போதும்... ஜாக்கி எங்கலே... ஒரு பக்கம்தான் ஜாக்கியா. இன்னொரு பக்கம் என்ன முட்டுக் குடுத்த.

மாங்கட்டையா.

ஏலே, உனக்குக் கூறு இருக்கா. அடுப்புல வச்சாக்கூட நின்னு எரியாத கட்டை, அது மேலயா அம்மாம் பெரிய வண்டிய நிப்பாட்டுவ... வத்திராயிருப்புத் தோப்புக் கட்டையா. எந்தத் தோப்புல வெட்டுனா என்ன, மா மாதான... ம்... ம்... வண்டியத் தாங்குத காத்துப் பையக் கழட்டினதும் பொளந்துக்கிட்டா. பொளக்காம என்ன செய்யும். அம்புட்டுப் பாரமும் அது தலைலதான வரும்.

எட்வின் புளியங்கட்டை தாரேன்னு சொன்னான்லா. மாரிக்கனி சொன்னா எங்கிட்ட. எதுத்த வீட்டுக்காரன், தானா வந்து, தடியா நல்ல கட்டை கெடக்கு எடுத்துக்கோன்னு சொல்லியிருக்கான்... கறி வெட்டுத கட்டைன்னா என்னலே... பொண்ணு மாப்பிள்ள ஏறுத வண்டிக்கு ரத்தம் பட்ட கட்டைய முட்டுக் குடுக்கக் கூடாதா. எவன் சொன்னான் உனக்கு. எந்த ஐயரு வந்து சொன்னாரு... நீயா நெனச்சுக்கிட்ட. அத அவன் மூஞ்சிக்கு நேராவே வேற சொன்னியாக்கும்... சரி விடு. விடு, பேசாத. நான் திட்டுதேன், நீ கேட்டுக்கிட்டு மட்டும் இரு.

எட்வின் தேருக்கு வரமாட்டான்லா. வீட்டுலதான இருப்பான்... உங்கூடப் பேசமாட்டான். எங்கூடப் பேசுவான், ஞாயித்துக்கிழம கறி நான் அவன்கிட்டத்தான வாங்குதேன். நம்பர் இருக்கு... வெக்கப்படுத நேரமாலே இது. இரு, தங்கபாய் நூத்தியெட்டுக்குப் பேசி முடிச்சுட்டா, அவ போன்ல அடிக்கேன். உனக்கும் கேக்கும்.

எட்வினு... நான் போலீஸ்கார ஜெயசித்ரா, வேல்பாண்டி அக்கா... நல்லாருக்கேன் தம்பி, அது இருக்கட்டும். அவன் கொட்டகைக்குள்ள காருக்கு அடில கெடக்கான்... இல்ல, வேல பாக்கல. வண்டி அவன் மேல எறங்கிருச்சு. நெஞ்சு மேல... சத்தியமா. உன் லோடு வண்டி ஜாக்கிய எடு. கட்டையையும் தூக்கிட்டு வா. ஆமா, அந்தக் கட்டையத்தான்... அவன் சொன்னத மனசுல வைக்காதய்யா, இப்ப வைக்காத... கொட்டகை உள்பக்கம் தாப்பா போட்டிருப்பான், ஒடச்சுட்டுப் போ. போலீஸ் நான்தான் சொல்லுதேன், ஒடை... வச்சுட்டான்.

கேட்டியாலே. ஒரு வார்த்த கேக்கல அவன். ஓடி வருதான்... அழாத. அழுதா இன்னும் மூச்சு முட்டும்.

தங்கபாய், என்ன சொன்னான்... வண்டி கெளம்பிட்டா. எங்க இருந்து... நெறைய வண்டி தேருக்கு வந்துட்டா, சரி, ராஜபாளையத்துல நின்ன ஒண்ணு வருதுல்லா, அது போதும். நீ போய் என் பாயிண்ட்ல நில்லு. ஐயா கேட்டா நான் பேசிக்கிடுதேன்.

வேல்பாண்டி. ஏலே வேல்பாண்டி... கண்ணத் தெற. சொருகக் கூடாது. பேச்சுக் குடு... எதையாவது பேசு. உன் வண்டியப் பத்திப் பேசு... ஆமா, எனக்குப் பிடிக்காது. பரவாயில்ல, இன்னைக்குக் கேக்கேன்... முதலாளியா. ஆமா, மில்ல மூடிட்டு அவிய சென்னைக்குப் போகையில, இம்புட்டு வருசம் நீதான ஓட்டுன, நீயே வச்சுக்கோன்னு சாவியக் கைல குடுத்துட்டுப் போனாவ. குடுத்தாவளா, உன் தலைல கட்டிட்டுப் போனாவளான்னு நான் அன்னைக்கே கேட்டேன். கப்பல் மாதிரி ஓடும்னு சொன்ன. ஓடுச்சு. காலைல எந்திரிச்சுப் பாத்தா குளத்து எரும கணக்கா வயிறு தரைல தட்டிக் கெடக்கும். நீ போயி சாவியப் போட்டு, அது புஸ்ஸு புஸ்ஸுன்னு காத்தப் பிடிச்சு எந்திரிக்க, நீ பக்கத்துல நின்னு தட்டிக் குடுப்ப...

சிரிக்காத, வலிக்கும்.

ம்... ம்... மேல கண்ணாடி மூடி. ஆமா, அது தெறக்க மாட்டேன்னுச்சு. அதுக்குத்தான தையல் மிஷின் மோட்டாரக் கழட்டி வச்ச. மாரிக்கனி ஒரு வாரம் கத்துனா, தைக்கக் குடுத்த சட்டையெல்லாம் கெடக்குன்னு. பொறவு அவளே ஏறி நின்னு மூடியத் தெறந்து தலைய நீட்டுனா, தெருவே பாத்துச்சு... பின்சீட்டு மெரூன் வெல்வெட்டு... நீயா தச்ச. பொய் சொல்லாத... அதான பாத்தேன், அவதான். ஏசி காத்து பின்னாடி வரலன்னு குழாய இழுத்து விட்டியே, நான் அதப் பாத்துச் சிரிச்சேன். ஆனா நல்லாத்தான் வந்துச்சு காத்து. எஞ்சம்பந்தியம்மாகூடச் சொன்னா. உங்கிட்ட நான் சொல்லல, அவ்வளவுதான்.

ஐயா... எஸ் ஐயா. கீழ ரத வீதி முக்கு கிளியரா இருக்குங்கய்யா. தங்கபாய் நிக்குங்க... இல்லங்கய்யா, எந்தம்பிக்கு ஒரு ஆக்சிடென்ட். போன்ல இருக்கான்... உசுரோடதான் இருக்கான் ஐயா. எடுத்துக்கிட்டு இருக்காங்க... எஸ் ஐயா. தேங்க்ஸ் ஐயா.

எங்க விட்டோம். வேல்பாண்டி... ம் சொல்லு... சொல்லுலே... ஆ. இருக்க. அவன் வந்துருவான். நீ சொல்லு, எதுக்கு இந்தக் காத்துப் பையப் போயிக் கழட்டுத. ஆடில கல்யாணம் கெடயாது, பிரிச்சுப் போட்டுருக்க, ஆவணி மொத முகூர்த்தத்துக்கு வண்டி கெளம்பணும், அதெல்லாம் சரி. இருந்துட்டுப் போகுது, ஒரு பைய மாத்தினாப் போச்சு. பழைய ஜீப்பு ஸ்பிரிங்கக் கொண்டாந்து மாட்டணும்னு என்ன தல எழுத்து...

என்ன சொன்ன.

எம் மக கல்யாணத்தன்னைக்கு மடவார் வளாகத்துல வண்டி உக்காந்ததுக்கா.

ஏலே, அது... ஆமா, உக்காந்துச்சு. கோயில் வாசல்ல, மாப்பிள்ள உள்ள இருக்க, நாதஸ்வரக்காரன் முன்னாடி நிக்க, அப்படியே தரையோட உக்காந்துச்சு. மாப்பிள்ள எறங்கி நடந்து வந்தாரு. ஊரே சிரிச்சுச்சு. நானும் கத்துனேன். கல்யாண வீட்டுல ஆயிரம் நடக்கும்... இனிமே யாரு கல்யாணத்துலயும் உக்காரக் கூடாதுன்னா... எனக்காகவா மாட்டுத. நான் என்னைக்குலே உன்ன ஸ்பிரிங்கு மாட்டச் சொன்னேன். நான் பேசலைன்னா நீ வந்து கதவத் தட்ட வேண்டியதுதான. நான் என்ன பூட்டியா வச்சிருந்தேன்...

சத்தம் கேக்குது. கதவு இடிக்கிற சத்தமா... எட்வினா. எட்வின்தானா... வந்துட்டான்லே. வந்துட்டான்.

எட்வினு, நான் சொல்லுதது கேக்குதா... சரி. நீ அடில போகாத. கையக்கூட உள்ள விடாத. ஜாக்கி எங்க வைக்கணும்னு அவனக் கேளு, அவனுக்குத்தான் தெரியும்... அவனால சத்தமாச் சொல்ல முடியாது, குனிஞ்சு கேளு... வேல்பாண்டி, ஒரே வார்த்த சொல்லு. எங்க வைக்க... கதவுக்குக் கீழயா... முன் வீலுக்குப் பின்னாடி. கதவு ஓரத்துல மடிப்பு இருக்கும், அதுல. கேட்டியா எட்வினு... கீழ தரை என்ன... மண்ணுன்னா ஜாக்கி புதஞ்சுரும். பலகை ஏதாவது போடு. அங்க எல்லாம் கெடக்கும், அவன் கொட்டகைல இல்லாத சாமானா... ம். வை. மெதுவா.

ஏத்து. ஒரே அடியா ஏத்தாத. கொஞ்சம் ஏத்து, கட்டைய உள்ள தள்ளு. பொறவு கொஞ்சம். மறுபடி எறங்குனாலும் கட்டை மேலதான் எறங்கணும், அவன் மேல கூடாது... ஏறுதா... ம்... ஏறட்டும்... கட்டை நிக்கா. நகராம நிக்கா... இன்னும் கொஞ்சம்.

வேல்பாண்டி, மூச்சு விடு. பாரம் போயிட்டுலே. மூச்ச இழு... இழுத்தானா. நல்லா இழுத்தானா... அப்பா. ஆண்டாளே. தாயே.

கையப் பிடிச்சு இழுக்காத எட்வினு. தலையையும் கழுத்தையும் சேத்துப் பிடிச்சுக்கோ. அடில சாக்கு ஏதும் விரிச்சுப் படுத்திருக்கானா... சாக்கோட சேத்து இழு. நேரா. வளையாம... வந்துட்டானா... முழுசா வந்துட்டானா.

கண்ணு... தெறந்துருக்கானா. பாக்கானா... உன்னப் பாக்கானா... என்னது, என்ன கேக்கான்...

பம்பர் நசுங்கிருச்சான்னு கேக்கானா.

செருப்பால அடி அவன. நான் சொன்னேன்னு சொல்லு... நசுங்கலைன்னு சொல்லிருடா. நசுங்கியிருந்தாலும் நசுங்கலைன்னு சொல்லு... நான் அழல. சிரிக்கேன். நீ தண்ணி குடுக்காத, உதட்ட மட்டும் நனச்சு விடு. எட்வினு, உனக்கு நான் என்ன செய்யப் போறேன்னு தெரியல தம்பி. அவன எந்திரிச்சு வந்து உன் கால்ல விழச் சொல்லுதேன்... நீ வேண்டாம்னாலும் நான் விட மாட்டேன்...

என்ன. ஏன் சத்தம் போடுத.

எட்வினு... என்ன ஆச்சு... ரத்தமா. எங்க... வாயிலயா. ஒருக்களிச்சுப் படுக்க வை. ஒருக்களிச்சு, மூச்சு அடைக்காம... தலையத் தாங்கு... ஏலே வேல்பாண்டி, ஏலே... சைரன் கேக்குது. எனக்கே கேக்குது. ஓடு, சந்து தெரியாது அவங்களுக்கு, ரோட்டுக்கு ஓடிப் போயிக் கை காட்டு. போன அவன் காதுப் பக்கம் வச்சுட்டு ஓடு.

வேல்பாண்டி... அக்காலே. ஆஸ்பத்திரி வண்டி வந்துட்டு, சந்து முனைல வந்துட்டு. செத்த நேரம்தான், செத்த நேரம் பொறுத்துக்கோ... நீ பதில் சொல்ல வேண்டாம், மூச்சு மட்டும் விடு. டூட்டி முடிஞ்சதும் நேரா ஆஸ்பத்திரிக்குத்தான் வாரேன். வீட்டுக்கு வந்த பொறவு உன் வண்டில ஏறுதேன். பின்சீட்டுல உக்காருதேன், நீ எங்க கூட்டிட்டுப் போனாலும் வாரேன்... எனக்கு உம்மேல கோவமே இல்லலே. ரொம்ப நாளாவே இல்ல. வீம்புலதான் போன் அடிக்கல... உன்ன எனக்கு வேணும். கேக்குதா... கேக்குதுல்லா...

ஆளுக வந்துட்டாங்களா. ஐயா, நான் அவன் அக்கா, ஹெட் கான்ஸ்டபிள்... சரி. சரிங்க, நீங்க பாருங்க. நான் பேசல.

...

எட்வினு... என்ன செய்தாங்க... அமுக்குதாங்களா... நெஞ்சையா, ஏற்கெனவே அடிபட்ட நெஞ்சுல... ம். ம். அவங்களுக்குத் தெரியும்... ஸ்ட்ரெச்சர் எறக்கிட்டாங்களா... ஏத்தலையா. ஏன் ஏத்தல... ஏன் நிறுத்திட்டாங்க.

சொல்லு. அழாமச் சொல்லு, எனக்குப் புரியல.

...

நீ கையப் பிடிச்சுப் பாத்தியா... சூடாத்தான இருக்கு... ஆமா. கொஞ்ச நேரம் இருக்கும். எனக்குத் தெரியும், எத்தன பேரப் பாத்துருக்கேன்... ம்.

சரி.

இல்ல எட்வினு, நீ என்ன செய்வ. நீ நேரத்தோடதான் வந்த... கட்டையும் நின்னுச்சு, நீயும் சரியாத்தான் தூக்குன. உள்ள ஒடஞ்சிருக்கும். உள்ள ஒடஞ்சத நீ எப்படிப் பாப்ப... அப்படிப் பேசாத. அவன் உன்ன அம்புட்டுப் பேசியும் நீ ஓடி வந்த. கடைசில தனியாக் கெடக்கல அவன். அதுக்கு உன்னக் கும்புடணும்... கேளு, ஸ்டேசன்ல இருந்து ஆளு வரும், கேட்டதச் சொல்லு, பயப்படாத. வண்டியத் தொடாத, அது அப்படியே நிக்கட்டும். அவன் மேல ஒரு வேட்டியப் போர்த்தி விடு... உன் வேட்டியே போதும். என்ன சாதி, என்ன தீட்டு, போர்த்து.

மாரிக்கனிக்கு நீ அடிக்காத. நான் சொல்லிக்கிடுதேன்... அவன் சொல்லக் கூடாதுன்னான். வெளிய வந்து நீயே சொல்லுன்னு நான் சொன்னேன்... தேட வேண்டாம், எட்வினு. தேரு முக்குல நின்னுருக்கு, ஜனம் வடத்த விட்டுட்டுத் தண்ணி குடிக்கப் போகுது. அந்தா நிக்கா, பந்தல்ல, பானு கையப் பிடிச்சுக்கிட்டு. மோர் வாங்குதா... எப்படிச் சொல்லன்னு எனக்குத் தெரியல. யாரு யாரு வீட்டுக் கதவையோ தட்டிச் சொல்லியிருக்கேன். இத எப்படிச் சொல்ல...

என்னயப் பாத்துட்டா. கை காட்டுதா... எனக்கும் சேத்து ஒரு டம்ளர் வாங்கிட்டு வாரா. சிரிச்சுக்கிட்டு வாரா, எட்வினு.

வைக்கேன்.